கூடம் கோணல்

கால் பலகை பேட்டரிக்கு அடியில் இருந்தது. இன்வெர்ட்டர் காலையிலிருந்து கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருக்கிறதே, தண்ணீர் வற்றியிருக்கும், ஊற்றித் தொலைப்போம் என்று கேனைத் தூக்கிக்கொண்டு கொட்டகை மூலையில் மண்டி போட்ட திருமூர்த்தி, பேட்டரியைப் பார்க்கவில்லை, அதற்கடியில் துருத்திக்கொண்டிருந்த பச்சைப் பெயின்ட் அடித்த பலகையின் ஓரத்தைப் பார்த்தான். வெள்ளைக் கோட்டில் வரைந்த ஒரு செருப்பின் முன்பாதி தெரிந்தது. பக்கத்தில் ஒரு 'ல்'. அந்த 'ல்' அவன் எழுதியதுதான். 'கா' பேட்டரிக்கு அடியில் போயிருந்தது. அட, இது இங்கேயா கிடக்குது என்றுதான் முதலில் தோன்றியது, தொலைந்த சாவி கிடைத்த மாதிரி ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது, அப்படி ஒரு சந்தோஷம் வந்ததை நினைக்கத்தான் அடுத்த நொடியே உடம்பு கூசியது. கழுத்து தானாகத் திரும்பியது. கொட்டகை நடுவில், வலைக்கு முன்னால், அடிக்கிற பலகை கிடந்தது. தனியாகக் கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம், ஆள் நிற்கிற இடத்தில், வெறும் சிமென்டுத் தரை. எத்தனை நாளாக அது தனியாகக் கிடக்கிறது? கேன் சாய்ந்து தண்ணீர் முழங்காலில் கொட்டிச் சில்லென்று இறங்கியது, நிமிர்த்தக் கை வரவில்லை. அட கெரகமே. அட கெரகமே. அட கெரகமே. மூன்று முறை வாய்விட்டுச் சொன்னான், நான்காவது முறை உதடு மட்டும் அசைந்தது.

கோல்ஃப் மட்டையை ஆளுக்குத் தக்கபடி வளைத்துக் கொடுப்பது திருமூர்த்தியின் வேலை. கோயம்புத்தூரில் இப்படி ஒரு வேலை இருப்பது அவனுடைய சொந்த மச்சானுக்கே விளங்கியதில்லை, குச்சி நிமுத்தற உத்தியோகம் என்று கல்யாண வீட்டில் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கட்டும். இரும்பு மட்டையின் தலைக்கும் நம் காலைப் போலக் குதிகால் உண்டு, நுனிவிரல் உண்டு. அந்தத் தலை தரையில் படிந்து உட்காரும்போது தண்டு ஒரு சாய்வில் நிற்கிறதே, அந்தச் சாய்வு ஆளுக்கு ஆள் மாறும். சாய்வு தப்பினால் பந்தில் படுகிற கணத்தில் குதிகாலோ நுனியோ மண்ணைக் குத்தும், முகம் திரும்பிக்கொள்ளும், பந்து நேர் வழியை விட்டுவிடும். சும்மா நிற்க வைத்து அளந்தால் இது பிடிபடாது. வீசுகிற வேகத்தில் தண்டு வளையும், கை உயரும், நின்றபோது இருந்த ஆள் அடிக்கும்போது இருக்கமாட்டான். அந்தக் கணத்தைக் கண்ணால் பிடிக்க எவனாலும் ஆகாது. அதனால்தான் மட்டையின் அடியில் ஒரு நாடாவை ஒட்டி, பலகை மேல் பந்தை வைத்து, அடி என்பது. நாடாவில் ஒரு தேய்ந்த கோடு விழும். கோடு நடுவில் விழுந்தால் பேச்சே இல்லை, எடுத்துக்கொண்டு போ. நுனிப் பக்கம் விழுந்தால் தண்டை நிமிர்த்து. குதிகால் பக்கம் விழுந்தால் படுக்க வை. ஆனால் பந்து பலகை மேல் இருக்கிறது, பலகை முக்கால் அங்குல உயரம், அப்போது அடிக்கிறவன் கால் எங்கே இருக்க வேண்டும்? அதே முக்கால் அங்குலத்தில். அதற்குத்தான் அதே பலகையில் பாதியை அறுத்து, பச்சை அடித்து, இரண்டு பாதம் வரைந்து, எவனாவது தெரியாமல் மாற்றிப் போட்டுவிடப் போகிறான் என்று 'கால்' என்று எழுதியும் வைத்தான். எவனாவது. எவனோ இல்லை, எழுதின கைதான் எடுத்தது.

ஐப்பசி மழை அது. இங்கே மழையே பெய்யாது, பெய்தால் ஒரே ராத்திரியில் பெய்து தீர்த்துவிடும், காலையில் வந்து திறந்தால் கொட்டகைக்குள் கணுக்கால் தண்ணீர். பேட்டரி நனையுதே, பேட்டரி நனையுதே என்ற ஒரே பதற்றம், கைக்கு அகப்பட்டதை இழுத்து அடியில் கொடுத்தான், தண்ணீர் வடிந்தது, தரை காய்ந்தது, அடிக்கிற பலகையைத் துடைத்து அதன் இடத்தில் போட்டான், அதன் ஜோடியை மறந்தான். மனிதன் மறப்பானா இப்படி? மறந்திருக்கிறானே. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று விரலை மடக்கினான், வைகாசி வரைக்கும் வந்து விரல் நின்றது. அந்த மழைக்கப்புறம் இந்தப் பலகையில் அடித்தவர்கள் எத்தனை பேர்? மில்காரர் ஒருத்தர், ரிட்டயரான டாக்டர் ஒருத்தர், முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட வக்கீல் ஒருத்தர். அவர்களால் ஒன்றுமில்லை. அவர்கள் மட்டையை இரண்டு டிகிரி இல்லை, இருபது டிகிரி வளைத்தாலும் பந்து அதே வேலிக்குத்தான் போகும், அவர்களும் அதே டீக்கடைக்குத்தான் வருவார்கள். அவர்களை ஒவ்வொருவராக நினைத்து, ஒதுக்கி, நினைத்து, ஒதுக்கி, இன்னும் யார், இன்னும் யார் என்று வேண்டுமென்றே மெதுவாகப் போனான், எங்கே போய் நிற்கப் போகிறது என்பது அவனுக்கு முதலிலேயே தெரியும். தாரிகா. கார்த்திகை மாசம்.

தாரிகா லோகநாதனின் மகள். லோகநாதன் இந்தக் கோல்ஃப் மைதானத்துப் புல்லுக்குப் பொறுப்பு. விதை போடுவது, வெட்டுவது, தண்ணீர் விடுவது, மட்டை பெயர்த்த குழியில் மணல் போட்டு மூடுவது எல்லாம் அவன்தான். இருபது வருஷமாக ஒன்றாக டீ குடிக்கிற ஆள். அந்தப் பெண் எட்டு வயதில் யாரோ ஒடித்துப் போட்ட மட்டையை எடுத்து வந்து, மாமா, இதைக் கொஞ்சம் சின்னதாக்கிக் குடுங்க என்று நின்றது. பதினாறு முடிந்து பதினேழு நடந்தபோது, அவள் ஆட்டத்தைப் பார்த்து மனது வைத்த ஒரு கிளப் உறுப்பினர் புது மட்டைகள் ஒரு செட் வாங்கிக் கொடுத்தார். ஏழு இரும்பு. பையோடு கொட்டகைக்கு ஓடி வந்தாள், பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை, மாமா எனக்குத் தக்கன பாத்துக் குடுங்க மாமா. ஷூவைச் சிமென்டில் ஒரு தேய் தேய்த்துக்கொண்டு நின்றாள். சிமென்டில். இதோ, இந்த இடத்தில், அந்தப் பாதம் இரண்டும் சிமென்டில் நின்றதை இவன் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தான், பார்த்துக்கொண்டேதான் நாடாவை ஒட்டினான். பத்துப் பந்து அடித்தாள். கோடு குதிகால் பக்கம் விழுந்தது, பத்தும் ஒரே இடத்தில், நகம் கிள்ளின மாதிரி. விழாமல் என்ன செய்யும்? பந்து முக்கால் அங்குலம் உயரத்தில், கால் கீழே. மேட்டில் இருக்கிற பந்தை அடித்தால் தண்டு படுக்கத்தான் செய்யும், குதிகால் குத்தத்தான் செய்யும். அதைப் பார்த்து இந்தப் பெரிய மனுஷன், உனக்குக் கை தணிவா வருது கண்ணு, ரெண்டு டிகிரி படுக்க வெச்சாச் சிட்டாப் பறக்கும் என்றான். கண்டுபிடித்துவிட்டானாம். ஏழு மட்டையையும் பிடியில் மாட்டி, நெம்பி, அளந்து, நெம்பி, அளந்து, ஒரு மயிரிழை பிசகாமல் தப்பாக வளைத்துக் கொடுத்தான்.

மயிரிழை பிசகாமல். அதுதான் வேடிக்கை, சிரிக்கக்கூடச் செய்தான், கொட்டகையில் தனியாக மண்டி போட்டுக்கொண்டு ஹா என்று ஒரு சத்தம், அவனுக்கே பயமாக இருந்தது. தை மாசம் லோகநாதன் அந்தப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மூர்த்தி, புள்ளைக்குப் பந்து பூராம் வலப்பக்கமே ஓடுது, மட்டைல ஏதாச்சும் இருக்குமா பாரு. ஏழையும் ஒன்றுவிடாமல் மாட்டி அளந்தான். கார்த்திகையில் வைத்த அளவு அப்படியே இருந்தது. இருக்கும், ஏன் இருக்காது, இவன் வைத்ததை இவனே அளந்தால் இவன் சொன்னதைத்தானே அது திருப்பிச் சொல்லும். மட்டை கரெக்ட்டா இருக்குது லோகு, புள்ள கையைப் பாரு. இதைச் சொன்னது இந்த வாய். புள்ள கையைப் பாரு. ஆற அமரச் சொன்னான், டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான், லோகு, அளவு பொய் சொல்லாது. அதற்கப்புறம் ஒரு நாள் கேன்டீனில், நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பெண் பக்கத்தில் வந்து, பாவம், மெதுவாக, ரகசியம் சொல்கிற மாதிரி, மாமா, கீழ வெச்சுப் பாத்தா மட்டை கொஞ்சம் வலப்பக்கம் பாக்கற மாதிரியே இருக்குதுங்க மாமா என்றாள். இவன் என்ன செய்தான்? குரலை உயர்த்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாமா, அந்தக் கதையா இருக்குதே கண்ணு என்றான். எல்லாரும் சிரித்தார்கள். லோகநாதனும் சிரித்தான். அவளும் சிரித்தாள், கொஞ்சம் லேட்டாக, எல்லாரும் சிரிக்கிறார்களே என்று. கூடம் கோணல்தான். அந்தப் பெண் கண்ணால் பார்த்துச் சொன்னாள், இரண்டு டிகிரியைக் கண்ணால் பார்த்திருக்கிறாள், கூடத்தைக் கட்டினவன் எதிரில் உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டே அவளைச் சிரிக்க வைத்தான்.

அன்றைக்கே அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். கையைத் திருத்தப் போய்விட்டாள். வலப்பக்கம் ஓடுகிற பந்தை இடப்பக்கம் இழுக்க வேண்டுமானால், பந்தில் படுகிற நேரத்தில் மணிக்கட்டை உருட்டித் திருப்பணும். ஒரு தரம் இரண்டு தரம் இல்லை, சாயங்காலம் ஒன்றுக்கு இருநூறு பந்து, லோகநாதன் பக்கத்தில் நின்று, உருட்டு, உருட்டு, உருட்டு என்று எண்ணுவான். பங்குனியில் இடது மணிக்கட்டில் வலிக்குக் கட்டுகிற நீலப் பட்டை ஏறிவிட்டது. சித்திரையில் ஒரு நாள் பந்து மறுபடி வலப்பக்கம் போய்க் குட்டையில் விழுந்தபோது லோகநாதன், வெளங்காத கை, வெளங்காத கை என்று அந்தக் கையிலேயே பட்டென்று ஒன்று போட்டான், பட்டை கட்டின கையில். அவள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அழவில்லை, மறைத்துக்கொண்டாள், தப்புச் செய்தது அந்தக் கைதான் என்று அவளும் நம்பிவிட்ட மாதிரி. திருமூர்த்தி இருபது அடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். பாவம் லோகு, புள்ளைக்காக எவ்வளவு பாடுபடறான் என்று நினைத்தான்! இன்னொன்று இருக்கிறது, இதை நினைக்காமல் இருந்திருக்கலாம். மட்டை பெயர்க்கிற புல்கட்டி. அவள் அடித்த இடத்துக் குழி ஒவ்வொன்றும் அந்தண்டை, நுனிப் பக்கம் ஆழம், இந்தண்டை மேலாக. அதைப் பார்த்தால் சின்னக் குழந்தைகூடச் சொல்லும் நுனி குத்துகிறது, தண்டு படுத்துக் கிடக்கிறது என்று. லோகநாதனே சொன்னான், இவ புல்லை ஒரு ஓரமாவே பேக்கறா மூர்த்தி, கை கோணுதோ என்னமோ. தினம் சாயங்காலம் அந்தக் குழியில் அவனே மணலைப் போட்டு, காலால் மிதித்து, சமன் செய்துகொண்டிருந்தான். ஆறு மாசமாகப் பெற்ற அப்பன் கையால் அந்தச் சாட்சியை மூடிக்கொண்டே வந்திருக்கிறான்.

மணி என்ன? பத்தாக ஐந்து நிமிஷம். பத்து நாற்பதுக்கு அவள் முதல் பந்தை அடிக்க வேண்டும். மாநில ஜூனியர் அணிக்கு ஆள் எடுக்கிற ஆட்டம், இன்றைக்குத்தான் கடைசிச் சுற்று, நாலு பேர் போக வேண்டும், அவள் ஐந்தாவது இடத்தில் இருக்கிறாள். லோகநாதன் நேற்றே சொல்லிவிட்டான், இன்னிக்குத் தேறலைன்னா இனி மட்டையைத் தொடக்கூடாது, பாலிடெக்னிக்ல ஃபாரம் வாங்கியாச்சு. ஏழு மட்டை, ஒன்றுக்கு மூன்று நிமிஷம், இருபத்தோரு நிமிஷத்தில் நிமிர்த்திவிடலாம். ஆட்டம் தொடங்கிவிட்டால் மட்டையை வளைக்கச் சட்டம் கிடையாது, தொடங்கும் முன்னால் தாராளமாகச் செய்யலாம். எழுந்திரு, ஓடு, பையை வாங்கு. எழுந்தான், பாதி எழுந்தான், அப்படியே நின்றுவிட்டான். நிமிர்த்திக் கொடுத்தால்? மட்டை நேராகும், மணிக்கட்டு? நாலு மாசமாக உருட்டப் பழகின மணிக்கட்டு நேரான மட்டையையும் உருட்டும், பந்து இடப்பக்கம் ஓடும், குட்டையில் விழாமல் வேலிக்குள் விழும், அவ்வளவுதான் வித்தியாசம். இவன் வளைத்தது ஏழு இரும்பை இல்லை, ஒரு கையை. இரும்பை இருபத்தோரு நிமிஷத்தில் நிமிர்த்தலாம், கையை எந்தப் பிடியில் மாட்டி நெம்புவது? அப்படியென்றால் விட்டுவிடலாமா, கோணல் மட்டையும் கோணல் கையும் ஒன்றுக்கொன்று சரியாகிக் கிடக்கட்டும், இன்றைக்கு ஆடி முடிக்கட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றால், இன்றைக்குத் தோற்றால் நாளை என்று ஒன்று அவளுக்கு இல்லை. சொன்னாலும் கெட்டது, சொல்லாவிட்டாலும் கெட்டது. கேனிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

இன்னொரு வழியும் இருந்தது. அது தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது, இவன் கூப்பிடவில்லை, சத்தியமாகக் கூப்பிடவில்லை. பலகையை உருவி அதன் இடத்தில் போட்டுவிட்டால் தீர்ந்தது. யாருக்குத் தெரியும்? ஒருத்தனுக்கும் தெரியாது. அடுத்த வாரம், கண்ணு, மட்டையை ஒரு தரம் பாத்தர்லாமா, வளந்துட்டயல்ல என்று சிரித்துக்கொண்டே வாங்கி நிமிர்த்திக் கொடுத்தால், மாமா பாத்ததுக்கப்புறம் பந்து நேராப் போகுது என்று அந்தப் பெண்ணே ஊரெல்லாம் சொல்லும். பேரும் கிடைக்கும். இதை நினைத்ததும் வாயெல்லாம் கசந்தது, எச்சிலைக் கூட்டித் துப்பினான், சொந்தக் கொட்டகையில், சொந்தத் தரையில். இங்கே வருவதற்கு முன்னால் பம்ப் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன் அவன். கருங்கல் மேடை மேல் சாமானை வைத்து உயரம் அளப்பது, தேறாததில் சிவப்பு மை பூசுவது. ஒரு தடவை சிங்காநல்லூர் லேத்துக்காரர் ஒருத்தர் கொண்டு வந்த நானூறு மூடியையும் ஒட்டுமொத்தமாகத் தள்ளினான், அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், நான் பாத்துப் பாத்துச் செஞ்சதுங்க, இன்னொருக்கா அளந்து பாருங்க என்றார். இன்னொருக்கா அளந்தான், அதே மேடையில் வைத்து. அளவு பொய் சொல்லாதுங்க என்றான். அந்த மேடை சமமாக இருந்ததா? அன்றைக்கு மேடைக்கு அடியில் என்ன இருந்தது, அதைக் குனிந்து பார்த்தானா? அந்த லேத்துக்காரர் நானூறு மூடியையும் திரும்ப வண்டியில் ஏற்றும்போது ஒன்று கீழே விழுந்து உருண்டு வந்தது, இவன் காலால் தடுத்து நிறுத்தினான், அவர் வந்து எடுத்துக்கொண்டு போனார். அவர் முகம் ஞாபகமில்லை. அந்த மூடி உருண்டது மட்டும் இப்போது காதில் கேட்டது.

பேட்டரியைத் தள்ளினான், அசையவில்லை, தோளைக் கொடுத்துத் தள்ளினான், இடுப்பில் சுளுக்கென்றது. பலகையை உருவியபோது சட்டையில் ஆசிட் கறை பட்டது. 'கா' வெளியே வந்தது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தான், ஓட வேண்டும் என்றுதான் நினைத்தான், கால் ஓடவில்லை. என்ன சொல்லித் தொடங்குவது? கண்ணு ஒரு சின்னப் பெசகு. சின்னதா? முக்கால் அங்குலம்தான் கண்ணு. போடா. வேப்பமரத்தடியில், அடித்துப் பழகுகிற இடத்தில் அவள் இருந்தாள், நீலப் பட்டை கட்டின கையோடு. நூறு அடி தள்ளி லோகநாதன் மணல் வாளியோடு குந்தி, அவள் காலையில் பெயர்த்த குழிகளை மூடிக்கொண்டிருந்தான். அவள் அடித்தாள். மணிக்கட்டு உருண்டது, கடைசி நேரத்தில், கதவுக் குமிழைத் திருப்புகிற மாதிரி ஒரு திருப்பு, பந்து நேராகப் போயிற்று, அவள் முகம் வலியில் சுருங்கி விரிந்தது. நேராகத்தான் போயிற்று. ஒரு தப்பு மேல் ஒரு வேதனையை வைத்து அவள் நேராக்கியிருக்கிறாள். திருமூர்த்திக்கு அதைப் பார்த்த பிறகு பொய் சொல்கிற தெம்புகூட இல்லாமல் போயிற்று.

"என்னங்க மாமா, பலகையத் தூக்கிட்டு?" என்றாள்.

சொன்னான். நின்றபடி, மூச்சு வாங்க, முன்னுக்குப் பின்னாக, மழையை, பேட்டரியை, சிமென்டில் நின்ற அவள் ஷூவை, கேன்டீனில் சிரித்ததை, தை மாசம் அவள் அப்பனிடம் சொன்னதை எல்லாம் சொன்னான். மன்னிச்சுக்க என்று மட்டும் சொல்லவில்லை. அவள் பலகையை வாங்கி, வரைந்திருந்த பாதத்தின் மேல் தன் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அப்ப என் கை நல்லாத்தான் இருந்துச்சுங்களா?"

"நல்லாத்தான் இருந்துச்சு சாமி."

"மொதல்லருந்தே?"

"மொதல்லருந்தே."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான், திட்டுவாள் என்று எதிர்பார்த்தான், அந்தப் பலகையாலேயே ஒன்று போட்டால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தான். அவள் பலகையைத் திருப்பிக் கொடுத்தாள். "அப்பாகிட்டச் சொல்லுங்க மாமா. இப்பவே. நான் இங்கிருந்தே பாக்கோணும்" என்றாள்.

அந்த நூறு அடி. இருபது வருஷமாக நடக்கிற புல், ஒவ்வொரு அடிக்கும் ஒரு குழி, மணல் போட்ட குழி, நுனிப் பக்கம் அகலமாக மணல், இந்தண்டை ஒரு கோடு. எல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை. லோகநாதன் நிமிர்ந்து பார்த்து, "என்ன மூர்த்தி, பேயடிச்சவனாட்ட வர்ற, மணி ஆகலையா?" என்றான். திருமூர்த்திக்கு மழையும் பேட்டரியும் மறுபடி சொல்ல வரவில்லை. "மட்டை தப்பு லோகு" என்றான். "நான் வளைச்சது தப்பு. கார்த்திகையிலருந்தே தப்பு. புள்ள கைல ஒரு குத்தமும் இல்லை." லோகநாதன் பலகையைப் பார்த்தான், இவனைப் பார்த்தான். "வெளையாடாத மூர்த்தி. நீதான அளந்து பாத்துட்டு..." என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. கையில் இருந்த மணல் விரலிடுக்கு வழியாகச் சரிந்தது. அவன் கண் தான் மூடிக்கொண்டிருந்த குழிக்குப் போயிற்று, அந்தண்டை ஆழம், இந்தண்டை மேலாக. புல்லை அறிந்தவன் அவன், அதற்கு மேல் அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "அந்தக் கையிலயே அடிச்சேனே மூர்த்தி" என்றான், சத்தமே இல்லாமல்.

அப்போதுதான் பின்னால் அந்த அடி கேட்டது. திரும்பிப் பார்த்தார்கள். அவள் நீலப் பட்டையைக் கழற்றிப் புல்லில் போட்டிருந்தாள். மணிக்கட்டை உருட்டவில்லை, திருப்பவில்லை, எட்டு வயதில் ஒடிந்த மட்டையால் அடித்தாளே அதே மாதிரி சும்மா வீசியிருந்தாள். பந்து உயர்ந்து, ஒரு வளைவு நெளிவு இல்லாமல், கோடு போட்ட மாதிரி, வலப்பக்கம் போயிற்று. இன்னொன்றை வைத்தாள். அதுவும் வலப்பக்கம், முந்தியது விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே. மூன்றாவதும் அங்கேதான். மூன்றும் ஒரு பாயை விரித்தால் அடங்குகிற இடத்தில் கிடந்தன. லோகநாதன் வாய் பழக்கதோஷத்தில், "வலப்பக்கம்" என்று தொடங்கி அப்படியே நின்றது. அவள் பந்தைப் பார்க்கவே இல்லை, அப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையைத் தூக்கிக்கொண்டு அவளே வந்தாள். திருமூர்த்தியின் காலடியில் வைத்தாள். "நிமுத்திக் குடுங்க மாமா. அதுக்குள்ள முடியுமுங்களா?"

பத்து பன்னிரண்டு ஆகியிருந்தது. முடியும், ஒன்றுக்கு மூன்று நிமிஷம்தான். ஆனால் உருட்டிப் பழகின மணிக்கட்டைப் பற்றிய பயத்தை அவளிடம் மறைக்க அவனுக்கு இனிமேல் யோக்கியதை இல்லை. "கண்ணு, நாலு மாசம் உருட்டிப் பழகியிருக்கறே. பழைய கை இந்நேரம் மறந்திருக்கும். நிமுத்துனா நடு ஆட்டத்துல பந்து எங்கெங்கயோ போயிரும். யோசிச்சுச் சொல்லு" என்றான்.

"கை மறக்கலைங்க மாமா" என்றாள் தாரிகா. "நீங்க எல்லாரும்தான் மறக்கச் சொன்னீங்க."

லோகநாதன் குனிந்து, பையை ஒரு தோளிலும் பலகையை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு, மணல் வாளியை அங்கேயே விட்டுவிட்டு, கொட்டகையைப் பார்த்து முன்னால் ஓடினான்.